இன்டெலா, ஏ.எம்.டி.யா? சர்வர் வாங்கும் வணிகர் பார்க்க வேண்டிய கணக்கு



துவரம் பருப்பு வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கிறோம். வற்றல் வாங்கினால் மூட்டைக்குள் கையை விட்டு நிறம், காம்பு, ஈரம் மூன்றையும் சோதிக்கிறோம். எண்ணெய் என்றால் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்க்கிறோம். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து சர்வர் கணிப்பொறி வாங்கும்போது மட்டும் விற்பவர் சொல்லும் பெயரைக் கேட்டுத் தலையாட்டி விடுகிறோம். அதுவும் ஒரு சரக்குதான். அதற்கும் ரகம் உண்டு, எடை உண்டு, அடக்க விலை உண்டு. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த ஒரு மொத்த வியாபாரிக்கு அது விளங்கும் என்றால், நம் உறுப்பினர் எவருக்கும் விளங்கும். அந்த நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

இன்று சர்வர் என்பது ஆடம்பரம் அன்று. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரலில் ஈ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் வணிகர்களுக்குப் போடும் பில்லை மின்பில்லாகப் பதிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற கெடுவும் வந்தது. ஆக, சர்வர் நின்றால் பில் நிற்கும். பில் நின்றால் லாரி நிற்கும். தீபாவளிக்கு முந்தைய மாதம் சிவகாசியில் ஒரு நாள் லாரி நின்றால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு கம்பெனிகள்

சர்வரின் மூளையான பிராசசரை நம் போன்றவர்கள் வாங்கும் பெட்டிகளுக்குச் செய்து தருபவை இரண்டே கம்பெனிகள். ஒன்று இன்டெல், அதன் சர்வர் சரக்கின் பெயர் சியான். 1998 முதல் அந்தப் பெயர் சந்தையில் இருக்கிறது. மற்றொன்று ஏ.எம்.டி.; அதன் சரக்கு எபிக். அது வந்தது 2017 ஜூனில். நாமெல்லாம் ஜி.எஸ்.டி. பதிவுக்கு அலைந்துகொண்டிருந்த அதே மாதம்.

ஏ.எம்.டி. நேற்று முளைத்த கம்பெனி அன்று. 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். தன் கணிப்பொறிக்கு ஒரே இடத்தை நம்பிச் சரக்கு வாங்கத் தயாராக இல்லை. இரண்டாவது ஆள் வேண்டும் என்றது. அப்படி 1982-ல் இன்டெலின் வடிவமைப்பையே செய்து தரும் இரண்டாவது ஆளாக ஒப்பந்தம் போட்டு வந்ததுதான் ஏ.எம்.டி. உலகிலேயே பெரிய வாங்குபவரே ஒரே கடையை நம்பவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பின்னர் 2003-ல் ஆப்டெரான் என்ற சர்வர் சிப்பைக் கொண்டுவந்து, பழைய மென்பொருளும் ஓடும்படியான 64 பிட் முறையை முதலில் கொடுத்ததும் ஏ.எம்.டி.தான். இன்டெல் அதே முறையை 2004-ல் எடுத்துக்கொண்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. 1922-ல் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியபோது, எதிரே நின்றது சுவீடன் நாட்டாரின் இயந்திரத் தொழிற்சாலையான விம்கோ. பெரியவர் ஒருவர் இருக்கும் சந்தையில் சிறியவர் புகுந்து நிற்க முடியும் என்று நம் மண் காட்டியது. சிவகாசிக்குக் கைத்தொழில் என்ற வகையில் வரிச்சலுகை துணை நின்றது. ஏ.எம்.டி.க்குத் துணை நின்றது செய்முறை.

அந்தச் செய்முறையையும் நம் ஊர் அச்சகத்தை வைத்தே சொல்லிவிடலாம். முழுத்தாளில் ஒரே பெரிய காலண்டர் படம் அச்சிடும்போது ஒரு மூலையில் மைப்புள்ளி விழுந்தால் தாள் முழுவதும் கழிவு. அதே தாளில் தீப்பெட்டி லேபிள் நூறு அச்சிட்டால், புள்ளி விழுந்த லேபிள் ஒன்றுதான் கழிவு. சிப் செய்வதும் அப்படித்தான். பெரிய சிப் ஒன்றாகச் செய்தால் ஒரு சிறு பழுதும் முழுச் சிப்பையும் கெடுக்கும். ஏ.எம்.டி. சிறு சிறு துண்டுகளாகச் செய்து, நல்லவற்றைப் பொறுக்கி, ஒரே தட்டில் சேர்த்தது. கழிவு குறைந்தது, விலை குறைந்தது. இன்டெல் தன் சொந்தத் தொழிற்சாலையில் அடுத்த தலைமுறைச் சிப்பைச் செய்ய முடியாமல் சில ஆண்டுகள் பின்தங்கியதும் சேர்ந்துகொண்டது. 2017-ல் ஏறக்குறைய முழுச் சர்வர் சந்தையும் இன்டெல் கையில் இருந்தது. 2025-ல் நாலில் ஒரு பங்கு ஏ.எம்.டி. கைக்குப் போயிருந்தது.

இதனால் வாங்குபவருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு விலைக் கணக்கு. 2024 செப்டம்பரில் இன்டெல் 128 கோர் கொண்ட தன் உச்ச ரகமான சியான் 6980பி-ஐக் கொண்டுவந்தது; அதற்கு அது அறிவித்த விலை 17,800 டாலர். அடுத்த மாதம் ஏ.எம்.டி. 192 கோர் கொண்ட எபிக் 9965-ஐ 14,813 டாலருக்குக் கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் இன்டெல் தன் விலையை 12,460 டாலராக இறக்கிவிட்டது. சில மாதங்களில் நூற்றுக்கு முப்பது குறைவு! இன்டெல் மனம் இரங்கிக் குறைத்ததல்ல இது. எதிர்க்கடை திறந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆடிக் கடைசி வெள்ளியும் சர்வரும்

அந்த மலை அளவு சிப்புகள் நமக்கானவை அல்ல. நமக்கான ரகத்தைப் பார்க்கும் முன், விற்பவர்கள் நம்மை மிரட்டப் பயன்படுத்தும் சொற்களைத் தெரிந்துகொள்வோம். ஆடிக் கடைசி வெள்ளியன்று எங்கள் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலைச் சுற்றி நடக்கும் வியாபாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கோர் என்பது கல்லாவில் நிற்கும் ஆள். எட்டு கோர் என்றால் எட்டு ஆள். கிகாஹெர்ட்ஸ் என்பது ஒவ்வொரு ஆளின் கைவேகம். கூட்டம் ஒரே நேரத்தில் நாலு பக்கமும் நெருக்கினால் ஆள் எண்ணிக்கை உதவும். ஒரே வாடிக்கையாளர் நூறு அயிட்டம் கொண்ட சிட்டையை நீட்டினால், பத்து ஆள் சும்மா நின்று பயனில்லை. ஒருவருடைய கைவேகம்தான் உதவும்.

கேஷ் என்பது கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் பொட்டலங்கள். ராம் என்பது கடையின் பின்கட்டில் உள்ள மூட்டைகள். டிஸ்க் என்பது தெருக்கோடிக் கிட்டங்கி. கைக்கெட்டும் இடத்தில் சரக்கு எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கிட்டங்கிக்கு ஓடும் ஓட்டம் குறையும்.

ஈ.சி.சி. என்று ஒன்று சொல்வார்கள். மூட்டை ஏற்றும்போது ஒருவர் எண்ண, இறக்கும்போது இன்னொருவர் எண்ணுவது போன்றது அது. நினைவகத்தில் ஒரு எழுத்து புரண்டாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடும். கணக்கு வைக்கும் பெட்டியில் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரே தராசில் இரண்டு சரக்கு

இனி நமக்கான ரகம். ஒப்பிட்டால் ஒரே காலத்துச் சரக்கை ஒரே தராசில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த சியான் ஈ-2400 வரிசையையும், 2024 மே மாதம் வந்த எபிக் 4004 வரிசையையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒற்றைப் பிராசசர் கொண்ட சிறிய சர்வர்களுக்காகவே செய்யப்பட்டவை.

இன்டெல் பக்கம் வரிசையின் தலையான சியான் ஈ-2488: எட்டு கோர், அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 5.6, கேஷ் 24 எம்.பி.; மின் அளவு 95 வாட்; அதிகபட்ச ராம் 128 ஜி.பி.; கம்பெனி அறிவித்த விலை 600 டாலரை ஒட்டி.

ஏ.எம்.டி. பக்கம் எபிக் 4364பி: அதே எட்டு கோர், அடிப்படை வேகம் 4.5, உச்ச வேகம் 5.4, கேஷ் 32 எம்.பி.; 105 வாட்; அதிகபட்ச ராம் 192 ஜி.பி.; அறிவித்த விலை 399 டாலர். இதற்குச் சற்று மென்மையான தம்பி எபிக் 4344பி: அடிப்படை 3.8, உச்சம் 5.3, 65 வாட், 329 டாலர்.

இவற்றைப் படிக்கும் முறை இது. ஒற்றை ஆளின் உச்சக் கைவேகத்தில் இன்டெல் ஒரு மயிரிழை முன்னால். எட்டு ஆளும் ஒரே நேரத்தில் மூச்சுவிடாமல் வேலை செய்யும்போது எந்த வேகம் நிலைக்கும் என்பதைக் காட்டுவது அடிப்படை வேகம், அதில் ஏ.எம்.டி. தெளிவாக முன்னால். கைச்சரக்கான கேஷிலும் ராம் இடத்திலும் ஏ.எம்.டி. கூடுதல். கோர் எண்ணிக்கையில் சியான் ஈ-2400 வரிசை எட்டோடு நின்றுவிடும்; எபிக் 4004 வரிசை பதினாறு வரை போகும். விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஈ.சி.சி. இரண்டிலும் உண்டு. இரண்டு கம்பெனிகளும் 2025-ல் அடுத்த வரிசையைக் கொண்டுவந்தன. இன்டெலின் சியான் 6300 அப்போதும் எட்டு கோரில் நின்றது; ஏ.எம்.டி.யின் எபிக் 4005 பதினாறு வரை சென்றது. படம் மாறவில்லை.

மின்சாரம் மிச்சம் என்று சொல்லி விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. 95 வாட்டுக்கும் 65 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 30 வாட். ஆண்டு முழுவதும் இரவு பகலாக முழுச் சுமையில் ஓடினாலும் 263 யூனிட்தான். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 2,630 ரூபாய். நம் கடைச் சர்வர் முக்கால்வாசி நேரம் சும்மா இருக்கும். எனவே அதுவும் மிச்சமாகாது. விருதுநகர் வெயிலில் பெட்டி தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது வாட் கணக்கைவிட வைக்கும் இடம்தான். வற்றல் தூசி பறக்கும் கிட்டங்கியில் வைத்தால் இன்டெல் விசிறியும் அடைக்கும், ஏ.எம்.டி. விசிறியும் அடைக்கும்.

சிப் விலை சிறிது, லைசென்ஸ் விலை பெரிது

சிப்பில் 200 டாலர் மிச்சம் பிடித்துவிட்டு மென்பொருள் லைசென்சில் அதைப்போல் பல மடங்கு கோட்டைவிடுவது எளிது. இந்த இடத்தில் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் சர்வர் கோர் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு பெட்டிக்குக் குறைந்தது 16 கோருக்கு வாங்கியே ஆக வேண்டும். எனவே உங்கள் பெட்டியில் 4 கோர் இருந்தாலும் 8 இருந்தாலும் 16 இருந்தாலும் அந்த லைசென்ஸ் விலை ஒன்றுதான். இரண்டு பிராசசரில் 32 கோர் என்று வாங்கினால் லைசென்சும் இரட்டிப்பு. உட்காரும் ஆட்களுக்குத் தனி லைசென்ஸ். வெளியூர்க் கிளையிலிருந்து ரிமோட் முறையில் நுழைபவர்களுக்கு அதற்கு மேலும் ஒன்று.

சிறிய நிறுவனங்களுக்கு விண்டோஸ் சர்வர் எசென்ஷியல்ஸ் என்று ஒரு ரகம் உண்டு. அதன் 2022 பதிப்பில் 25 ஆட்கள் வரை தனி லைசென்ஸ் வேண்டாம். ஆனால் ஒரே பிராசசர், பத்து கோருக்கு மேல் கூடாது என்பது நிபந்தனை. எட்டு கோர் வாங்கியவருக்கு இந்த வழி திறந்திருக்கும். ஆசைப்பட்டுப் பதினாறு கோர் வாங்கியவருக்கு அது அடைத்துவிடும். அதுபோல, பில் மென்பொருள் சில, இலவச எஸ்.க்யூ.எல். எக்ஸ்பிரஸை அடியில் வைத்து ஓடுகின்றன. அந்த இலவச ரகம் நான்கு கோருக்கு மேல் தொடாது. நினைவகத்திலும் ஏறக்குறைய 1.4 ஜி.பி.யோடு நின்றுவிடும். 32 கோர் பெட்டியில் 28 ஆள் சம்பளத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கதைதான்.

எட்டுப் பத்துப் பேர் பில் போடும் கடைக்கு இரட்டைப் பிராசசர் சர்வரை, வருங்காலத்துக்கு ஆகும் என்று சொல்லி, கொட்டேஷன் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். வருங்காலத்துக்கு என்று யாராவது மூன்று ஆண்டுத் துவரையை இன்றே வாங்கிக் கிட்டங்கியில் அடுக்குவோமா? வண்டு வைத்துவிடும் என்று தெரியும். கணிப்பொறிச் சரக்குக்கும் வண்டு உண்டு. அதன் பெயர் அடுத்த மாடல்.

இன்டெல் பக்கம் உள்ள நியாயம்

இதுவரை படித்தவர்கள் நான் ஏ.எம்.டி.க்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்கலாம். தராசின் மறுதட்டையும் பார்த்துவிடுவோம்.

நாம் வாங்குவது சிப் அல்ல, முழுப் பெட்டி. டெல், எச்.பி.ஈ., லெனோவா ஆகிய மூன்று பெரிய கம்பெனிகளும் சியான் ஈ-2400 வைத்துச் சிறிய டவர் சர்வர்களைச் செய்தன. எபிக் 4004 வைத்து லெனோவா எஸ்.டி.45 வி3 போன்ற சில பெட்டிகளே வந்தன. பெட்டி ரகம் கூடுதலாக இருந்தால் உதிரிப் பாகமும் தெரிந்த மெக்கானிக்கும் கூடுதலாக இருப்பார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மதர்போர்டு போய்விட்டால், மறுநாள் மதுரையிலிருந்து பாகம் வருமா, சென்னையிலிருந்து நான்கு நாள் கழித்து வருமா என்பதுதான் கேள்வி. சிப்பில் மிச்சம் பிடித்த 200 டாலர் அந்த நான்கு நாளில் காற்றோடு போகும்.

எனவே உங்கள் பில் மென்பொருளைப் பராமரிப்பவரும், பெட்டியைப் பராமரிப்பவரும், எழுத்து மூலம் மறுநாள் சர்வீஸ் தருவதாக ஒப்புக்கொள்ளும் ரகம் எதுவோ அதற்கு முதல் மதிப்பெண். அது இன்டெல் என்றால் இன்டெலையே வாங்குங்கள். இரண்டுக்கும் அதே உறுதி கிடைத்தால், என் கணக்கில் எட்டு கோர் எபிக்தான் நல்ல கொள்முதல். நாலைந்து பேர் மட்டும் பில் போடும் கடைக்கு எட்டு கோரும் வேண்டாம். இரண்டு கம்பெனியிலும் உள்ள நான்கு கோர் ரகம் தாராளம்.

மிச்சமாகும் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடாதீர்கள். ஒன்று போனால் மற்றொன்று தாங்கும்படி இரட்டை டிஸ்க், நல்ல யு.பி.எஸ்., ஒவ்வொரு இரவும் கணக்கின் நகல் கடைக்கு வெளியே போய்ச் சேரும் ஏற்பாடு ஆகிய மூன்றுக்கும் அதைக் கொடுங்கள். பேரேடு எரிந்துவிட்டால், எழுதிய பேனா என்ன கம்பெனி என்று யாரும் கேட்கப் போவதில்லை.

மழைக் கணக்கிலும் இதே போட்டி

நம் பகுதிக்கு நேரடித் தொடர்பு உள்ள ஒரு எடுத்துக்காட்டு. தீப்பெட்டிக் குச்சியும் பட்டாசும் காயும் களத்துக்கு மழைச் செய்தி உயிர்நாடி. அந்த முன்னறிவிப்புக்கான கணக்கைப் போட 2018 ஜனவரியில் புனேயிலும் நொய்டாவிலும் பிரத்யூஷ், மிஹிர் என்ற இரண்டு பெரும் கணிப்பொறிகளை மத்திய அரசு நிறுவியது. இரண்டிலும் இருந்தது இன்டெல் சியான். 2024 செப்டம்பர் 26-ல் அவற்றின் வாரிசாக அர்க்கா, அருணிகா என்ற இரண்டு தொடங்கி வைக்கப்பட்டன. இரண்டிலும் இருப்பது ஏ.எம்.டி. எபிக். பிரத்யூஷ் உலகத்தை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து மழைக் கணக்குப் போட்டது. அர்க்காவின் பலத்தில் 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு இறங்கியிருக்கிறார்கள். சாத்தூருக்கும் இருக்கன்குடிக்கும் தனித்தனிக் கட்டம் கிடைக்கும் அளவு அது.

இதை வைத்து ஏ.எம்.டி. வென்றுவிட்டது என்று பேசுவது நியாயமாகாது. இடையில் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே ஏரில் பூட்டிப் பார்த்து இனத்தைக் குறை சொல்லக் கூடாது. இங்கே நாம் கற்க வேண்டியது வேறு. முதல் முறை இன்டெல் வாங்கியவர்கள், அதே பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு மறுமுறையும் வாங்கவில்லை. வேலையைச் சொல்லி, புதிதாகக் கணக்குப் பார்த்து வாங்கினார்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

தனித்தனியாகப் போனால் நாம் சில்லறை வாடிக்கையாளர். சங்கமாகப் போனால் மொத்தக் கொள்முதல்காரர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு, எண்ணெய், பருப்பு என்று இந்த மாவட்டத்தில் சர்வர் வைத்திருப்பவர்கள் கொஞ்சமல்ல. ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. சங்கத்தின் பேரில் பொதுவான ஒரு கொட்டேஷன் படிவம் இருக்க வேண்டும். அதில் விற்பவர் கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்:

1. அதே வேலைக்கு இன்டெல் ஒன்று, ஏ.எம்.டி. ஒன்று என இரண்டு விலை.
2. பிராசசரின் முழு மாடல் எண்ணும் அது வெளிவந்த ஆண்டும். வெறும் சியான், வெறும் எபிக் என்று எழுதினால் ஏற்கக் கூடாது.
3. ஈ.சி.சி. நினைவகம் உண்டா, எத்தனை ஜி.பி.
4. லைசென்ஸ் எத்தனை கோருக்கு, எத்தனை ஆளுக்கு, மொத்தத் தொகை என்ன.
5. உதிரிப் பாகம் எந்த ஊரில் இருப்பு, எத்தனை மணி நேரத்தில் வரும்.
6. ஐந்தாவது ஆண்டிலும் சர்வீஸ் உண்டா, அதற்குக் கட்டணம் என்ன.

முதல் கேள்விதான் முக்கியமானது. நாம் எல்லோரும் இன்டெல் மட்டுமே வாங்கினால் ஏ.எம்.டி. பாகம் வைத்திருக்கும் சர்வீஸ்காரர் நம் மாவட்டத்துக்கு ஒருநாளும் வரமாட்டார். அப்புறம் இன்டெல் விற்பவர் சொன்னதுதான் விலை. நாளை காற்று மாறி ஏ.எம்.டி. மட்டுமே நின்றால் அவர் சொன்னதுதான் விலை. நமக்கு எந்தக் கம்பெனியும் மாமன் மச்சான் அல்ல. இரண்டு கடையும் திறந்திருக்க வேண்டும், இரண்டு கடைக்காரரும் நம்மிடம் விலை சொல்ல வேண்டும். அதில்தான் நமக்கு லாபம். ஒரே ஆளிடம் கொள்முதல் செய்யாதே என்று நம் பெரியவர்கள் பருப்புக்கும் வற்றலுக்கும் சொன்ன விதி சர்வருக்கும் பொருந்தும்.

இந்தத் தீர்மானத்தை உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டுகிறேன். தீபாவளிக் கொள்முதலுக்கு முன்பே படிவம் தயாராகிவிட்டால், இந்த ஆண்டு சர்வர் மாற்ற இருப்பவர்கள் முதல் பயனாளிகள் ஆவார்கள்.